திருப்புட்குழியில் ஓதிய இரு மாணாக்கர்

மனையில் உணவுக்குக் குறைவில்லை, உடலில் நோயில்லை, கற்கும் நூலிற் பின்னடைவில்லை, சுற்றத்தாரிடைப் பகையுமில்லை. இங்ஙனமாகவும், இளைஞன் ஒருவன் இரவில் உறக்கங் கொள்ளாதும், பகலில் தன் கடமையிற் கருத்தூன்றாதும், எதனையோ தொலைத்துவிட்டுத் தேடுவான் போலத் திரிவானாயின், அவனைப் பெற்றோர் நடுங்குவர். தோழர் அதனைச் சோம்பல் என்பர், அயலார் பித்தென்பர், தாயோ, மகன் ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விடுவானோ என்று வாயிற்படியையே பார்த்திருப்பள். இக்காட்சி எக்காலத்தும் உள்ளதே. இற்றை நாளிலும் நம் குடும்பங்களிற் காணப்படுவதே.

சைவ சித்தாந்தம் இவ்வுள்ளத் துடிப்பைப் புறக்கணித்து ஒதுக்குவதன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த உயிரின்கண் திருவருட்சத்தி பதியுங்கால், உலகின்மேற் சென்ற பற்று தளர்ந்து, மெய்ப்பொருளை நாடும் வேட்கை கிளர்ந்தெழும் என்பதும், அச்சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்பதும் அன்பர்கள் அறிந்தனவே. எனினும், அமைதியின்மை யெல்லாம் சத்திநிபாதம் ஆகிவிடுமோ? ஆகாது. உழைக்க மனமின்மையும் அமைதியின்மையாய்த் தோன்றும். தோல்வியால் வந்த வெறுப்பும் துறவின் வேடம் பூண்டு வரும். ஒன்றனை மற்றொன்றாக மயங்காது பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு நூல்வழி விடை தேடுவதோடு, வாழ்ந்தார் வரலாற்றின் வழியும் விடை தேடுதல் பயனுடைத்து. அத்தகைய வரலாறு ஒன்று காஞ்சிமாநகரின் மேல்பால் உள்ள திருப்புட்குழி என்னும் சிற்றூரிற் பிறந்தது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

ஊரும் பள்ளியும்

பட்டு நெசவால் உலகறிந்த காஞ்சிபுரத்தினின்று வேலூர் செல்லும் பெருவழியில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ளது திருப்புட்குழி. இது சைவத் திருமுறைத் தலமன்று. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்று, வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் வைத்தெண்ணப்படுவது. இறைவன் விசயராகவப் பெருமாள் எனவும், தாயார் மரகதவல்லி எனவும் வழங்கப்பெறுவர். புள் என்பது பறவை. சீதையை மீட்கப் பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய குழி என்பது ஊர்ப்பெயர்க்குக் கூறப்படும் காரணம். திருக்குளமும் சடாயு தீர்த்தம் என்றே வழங்குகின்றது. சோழநாட்டில் நம் புள்ளிருக்குவேளூர்த் திருக்கோயிலினுள் சடாயு குண்டம் இருத்தலைக் கண்டோர்க்கு, ஒரு பறவையின் தியாகத்தை இரு சமயத்தாரும் தத்தம் தலத்தோடு இயைத்துப் போற்றியமை புலனாகும்.

இவ்வூரில் யாதவப்பிரகாசர் என்னும் பேராசிரியர் வேதாந்தம் ஓதுவித்தார் என்பது வைணவ குருபரம்பரை வழக்கு. அவரிடம் பயின்ற மாணாக்கருள் இருவர் சிற்றன்னை பெரியன்னை மக்கள். மூத்தவர் திருப்பெரும்பூதூரில் ஆசூரிக் கேசவ சோமயாசியார்க்கும் காந்திமதி அம்மையார்க்கும் பிறந்த இளையாழ்வார். பின்னாளில் இராமாநுசர் என உலகு போற்றியவர் இவரே. இளையவர் காந்திமதியாரின் தங்கை மகனாகிய கோவிந்தர். இராமாநுசர் பிறந்தது 1017 ஆம் ஆண்டு என்பது வழிவழி வந்த கணக்கு. அதன்படியே 2017 இல் ஆயிரமாவது ஆண்டு விழா எடுக்கப்பெற்றது. அவர் 120 ஆண்டு வாழ்ந்து 1137 இல் மறைந்தார் என்னும் கணக்கை ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்று, அவர் காலத்தைச் சில பத்தாண்டுகள் பின்தள்ளி வைப்பர். எங்ஙனமாயினும் அது சோழப் பேரரசு ஓங்கிநின்ற காலம். தொண்டைநாட்டில் அதே சுற்றுவட்டாரத்துக் குன்றத்தூரில் தோன்றித் திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமானும் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இராமாநுசர் பதினாறு வயதளவில் மணம் புரிந்தார். சின்னாளில் தந்தையார் மறைந்தார். தாயோடும் மனைவியோடும் காஞ்சிக்குக் குடிபெயர்ந்து கல்வியைத் தொடர்ந்தார் என்பர். தந்தையை இழந்த இளைஞன், குடும்பப் பொறை தாங்கியவன், கூர்த்த மதியினன்: இந்நிலையிற்றான் அவர்தம் உள்ளத்தில் அமைதியின்மை புகுந்தது.

கண்ணீர் முதலாவது, வாதம் அதன் பின்னது

ஒருநாள் ஆசிரியர்க்கு மாணாக்கர் எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தார். அப்பொழுது சாந்தோக்கிய உபநிடதத்து ஒரு பகுதிக்கு யாதவப்பிரகாசர் பொருள் கூறினார். இறைவன் திருக்கண்களுக்கு உவமையாகத் தாமரையைக் கூறும் அவ்விடத்தில் 'கப்யாசம்' என்றொரு சொல் உளது. அதனைக் குரங்கின் பின்புறம் எனப் பிரித்து, அதுபோற் சிவந்த தாமரை என உரைத்தார் ஆசிரியர். இலக்கணத்தால் அப்பொருள் கொள்ளக்கூடியதே. ஆயினும் அதனைக் கேட்ட அளவில் மாணாக்கர் கண்களினின்று வெய்ய நீர் பெருகி ஆசிரியர் தொடைமேல் வீழ்ந்தது. ஆசிரியர் திடுக்குற்று வினாவினார். இறைவன் கண்ணுக்கு இழிந்த உவமையோ என்று மாணாக்கர் வருந்தினார். நீயே வேறு பொருள் கூறுக என்றார் ஆசிரியர். நீரைப் பருகுவோன் ஆதலிற் கதிரவனைக் 'கபி' என்பது குறிக்குமென்றும், அக்கதிரவனால் மலர்த்தப்பெற்ற தாமரை போன்ற கண்கள் என்பதே கருத்தென்றும் மாணாக்கர் உரைத்தார்.

இந்நிகழ்ச்சி பிற்காலத்தார் எழுதிய வரலாற்று நூல்களிற் காணப்படுவது. எனினும் இதற்கொரு சான்று இராமாநுசர் தாமே எழுதிய வேதார்த்த சங்கிரகத்தில் உண்டு. ஆழ்ந்த நீரில் எழுந்து, செவ்விய தண்டின்மேல் நின்று, கதிரவன் ஒளியால் அலர்ந்த தாமரையிதழ் போன்ற கண்கள் என்றே அவ்விடத்திற்கு அவர் பொருள் கண்டுள்ளார். அந்நாள் வீழ்ந்த கண்ணீரை நூல் காட்டாது. ஆனால் அக்கண்ணீர்க்கு உரிய கருத்து நூலில் நின்று நிலவுகின்றது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்று. மாணாக்கர் தம்மை ஆசிரியர் இகழ்ந்தாரென்று அழவில்லை. தமக்கு உரிய சிறப்புக் கிட்டவில்லையென்றும் அழவில்லை. தாம் வழிபடும் பொருளுக்கு நேர்ந்த சிறுமையைப் பொறாதே அழுதார். வாதம் பின்னர் வந்தது. கண்ணீரே முன்னர் வந்தது. தன்மதிப்பிற்கு இழுக்கு நேர்ந்தபோது கொதிக்கும் இளமை எங்கும் உண்டு. அக்கொதிப்புச் சின்னாளில் ஆறும். தான் அன்பு செய்யும் முதற்பொருளைக் குறித்து எழுந்த நோவு ஆறுவதன்று. அது மேன்மேல் வளர்ந்து ஒருவனை வேறோர் இடத்திற் கொண்டு சேர்க்கும். அமைதியின்மையின் மெய்ம்மையை அறிதற்கு முதற்குறி இதுவே என்க.

பின்னும், இறையிலக்கணம் கூறும் தைத்திரிய உபநிடதத் தொடர்க்குப் பொருள் கொள்ளுமிடத்தும் ஆசிரியரும் மாணாக்கரும் மாறுபட்டனர். யாதவப்பிரகாசரைப் பொதுவாக ஏகான்மவாதி என்று கூறிவிடுவது வழக்கம். ஆனால் இராமாநுசர் வேதார்த்த சங்கிரகத்தில் மறுத்த கொள்கைகளுள் யாதவருடையதென உரையாளர் குறித்துக் காட்டுவது பேதாபேதம் பற்றியதேயாம். ஆகவே, சங்கரர் வழி நின்ற ஒருவரோடு நிகழ்ந்த பிணக்காக இதனைக் கருதுவது பொருந்தாது. தமக்கென ஒரு கொள்கை வகுத்த வல்லாளர் ஒருவரிடமிருந்தே இம்மாணாக்கர் விலக நேர்ந்தது.

கங்கை யாத்திரை

இதன்பின் குருபரம்பரை நூல்கள் கொடியதொரு செய்தி கூறும். மாணாக்கரின் வளர்ச்சி கண்டு அழுக்காறுற்ற ஆசிரியர், கங்கை நீராடுதற்கென அனைவரையும் அழைத்துச் சென்று, வழியில் அவரை ஒழித்துவிடக் கருதினாராம். உடன்சென்ற கோவிந்தர் அதனை அறிந்து, விந்தியக் காட்டில் தனித்திருந்த தமையனார்க்கு உரைத்து, தப்பிப் போகும்படி விடுத்தார். இருளிலும் காட்டிலும் வழியறியாது திகைத்த இராமாநுசரை வேடனும் வேட்டுவச்சியுமாய் வந்த இருவர் காஞ்சியின் அருகே கொணர்ந்து விட்டனர். அவர்க்கு நீர் கொடுக்கச் சாலைக்கிணற்றில் இறங்கி முகந்துவந்தபோது அவ்விருவரையும் காணவில்லை. வந்தவர் வரதராசப் பெருமாளும் பெருந்தேவித் தாயாருமே எனத் தெளிந்தார் என்பது வரலாறு.

கொலைக் கருத்து யாதவர்பால் இருந்ததோ என்பதை வரலாற்றளவையால் துணிதல் இயலாது. எதிர்ப்பக்கத்தாரைப் பற்றி ஒரு பக்கத்தார் நெடுங்காலங் கழித்து எழுதியதை அப்படியே கொள்ளுதல் எச்சமயத்தார்க்கும் முறையன்று. பிற சமயத்தார் நூலுக்கு ஓரளவையும் நம் சமயத்தார் நூலுக்கு வேறோரளவையும் வைத்தல் நடுவுநிலைமை ஆகாது. யாதவப்பிரகாசரைப் பற்றி நமக்குத் திண்ணமாய்த் தெரிந்தது, அவர் பெயரால் யதிதர்ம சமுச்சயம் என்னும் வடநூல் ஒன்று நின்று நிலவுகின்றது என்பதேயாம். துறவிகளின் ஒழுக்கத்தைத் தொகுத்துக் கூறும் அப்பெருநூல் 1995 இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு வெளிவந்தது. முதுமையில் தம் தாயாரின் அறிவுரையால் அவர் இராமாநுசரையே ஆசிரியராகக் கொண்டு, கோவிந்த சீயர் என்னும் பெயருடன் துறவு பூண்டு, அந்நூலை எழுதினார் என்பர். மாணாக்கனை விரட்டிய ஆசிரியன் அம்மாணாக்கனுக்கே மாணாக்கனாயினான் என்னும் இம்முடிவு, கொலைக்கதையினும் நெஞ்சிற் பதிதற்குரியது.

கையில் வந்த இலிங்கம்

இனி, இளையவராகிய கோவிந்தரை நோக்குவாம். தமையனாரைத் தப்புவித்தபின் அவர் ஆசிரியருடனேயே கங்கைக்குச் சென்றார். அங்கு நீராடி எழுங்கால் அவர் கையகத்தே ஒரு சிவலிங்கம் வந்தமைந்தது. அது கண்ட யாதவப்பிரகாசர் அவரை 'உள்ளங்கைக் கொணர்ந்த நாயனார்' எனச் சிறப்பித்தார். கோவிந்தர் ஊர் திரும்பியதும் மனையில் அமைதியுற்று இராதவராய், திருக்காளத்திக்குச் சென்று காளத்தியப்பருக்குத் திருத்தொண்டு புரிந்து வாழலாயினார். மலர் பறித்தலும் மாலை தொடுத்தலும் அவர்தம் பணியாயின.

வைணவ நூல்கள் இதனை ஆசிரியரின் சூழ்ச்சியாகவும் மயக்கமாகவும் கூறும். அவர்தம் கொள்கைக்கு அஃது இயல்பே. ஆயினும் அந்நூல்கள் தாமே கூறும் செயல்களை நோக்குமிடத்து, தமையனின் உயிரைக் காத்த அன்புடைய ஓர் இளைஞர், தம் உள்ளத்தைப் பற்றிய ஒரு பொருளை விட்டு வாழமாட்டாது, வீடு துறந்து, பூக்குடலை ஏந்தினார் என்பதே தெளிவு. சித்தாந்த நூன்முறையில் இது சரியை நெறி. திருக்கோயிலில் அலகிடலும் மெழுகலும் மலர் கொய்தலும் மாலை தொடுத்தலும் அந்நெறியின் கூறுகளாம்.

அவர் சென்று சேர்ந்த இடமும் எண்ணற்பாலது. திருக்காளத்தி, வீடு திரும்ப மறுத்த வேறோர் இளைஞரின் தலமன்றோ? பதினாறாண்டு நிரம்பிய திண்ணனார், கன்னிவேட்டைக்குப் போந்தவர், குடுமித்தேவரைக் கண்ட அளவில் உடன்வந்தாரையும் வேட்டையையும் மறந்தார். நாணனும் காடனும் சென்று உரைக்க, தந்தை நாகன் தேவராட்டியோடு வந்து அழைத்தும் அவர் பெயர்ந்திலர். ஈன்றோர்க்கு அது பித்தாகவே தோன்றியது. ஆறு நாளில் அப்பித்தே கண்ணை இடந்து அப்பும் பேரன்பாய் முற்றியதைச் சேக்கிழார் பெருமான் விரித்தோதியுள்ளார். அம்மலையடியிற் பூக்குடலை ஏந்தி நின்ற கோவிந்தர், கண்ணப்பர் வரலாற்றை அறியாதிருந்தார் என்று எண்ண இடமில்லை.

குடமேந்திய கை

கோவிந்தர் இங்ஙனம் விரைந்து வீடு துறக்க, தமையனார் செய்தது யாது? கங்கை வழியில் உயிர்தப்பி வந்த அவர் உடனே துறவு பூண்டிலர். தாயும் மனைவியும் உள்ள தம் இல்லத்திற்கே மீண்டார். ஆசிரியரை விட்டு விலகியது ஒன்று; இல்லத்தை விட்டு விலகியது வேறொன்று. இரண்டிற்குமிடையே நெடிய காலம் கழிந்தது. இவ்விடைக்காலத்தை வரலாறு படிப்போர் விரைந்து கடந்துவிடுதல் வழக்கம். நம் வினாவிற்கு விடை இங்கேதான் உளது.

நூல்கள் முறைமாறி உரைப்பினும், ஆசிரியரை விட்டு நீங்கிய இராமாநுசர் மேற்கொண்ட தொழில் யாதென்பதில் அவை ஒத்துக் கூறுகின்றன. சாலைக்கிணற்றினின்று நாடோறும் ஒரு குடம் நீர் முகந்து வரதர் திருமுன் கொணர்ந்து சேர்த்தார். உபநிடதப் பொருளில் ஆசிரியரையே வென்றவர், தருக்கத்தில் தமக்கு நிகரில்லாதவர், தோளிற் குடம் சுமந்தார். அதற்கு வழிகாட்டியவர் பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்துத் தோன்றி, வரதருக்கு ஆலவட்டப் பணி புரிந்த திருக்கச்சி நம்பிகள். குலவேற்றுமையைப் பாராது நம்பிகளைத் தம் ஆசிரியராகக் கொள்ள இராமாநுசர் விரும்பினார். தம் உள்ளத்தில் எழுந்த ஐயங்களையும் அவர்வாயிலாகவே இறைவன் திருமுன் விண்ணப்பித்து, ஆறு வார்த்தைகளாக விடை பெற்றார் என்பர்.

அமைதியின்மை மெய்யானதாயின் அது கையைச் சும்மாவிடாது. கோவிந்தர் கையிற் பூக்குடலை. இராமாநுசர் கையில் நீர்க்குடம். ஒருவர் சைவத் தலத்தில், மற்றவர் வைணவத் தலத்தில். சமயம் வேறாயினும் உள்ளம் அமைதியற்ற இளைஞர் இருவரையும் அவ்வுள்ளம் கொண்டு சேர்த்தது தொண்டின்கண்ணே. இஃது இரண்டாவது குறி. தொண்டில் இறங்காத வேட்கை எத்துணை உயர்ந்த சொற்களைப் பேசினும் ஐயுறற்பாலதே.

இன்னுமொன்று. இராமாநுசர் யாதவரிடம் கற்றுக்கொண்டிருந்த நாளில், திருவரங்கத்து ஆளவந்தார் காஞ்சிக்கு எழுந்தருளி, மாணாக்கர் கூட்டத்தினிடையே அவரைத் தூரத்தே கண்டார். இவரே தமக்குப்பின் நெறிகாக்க வல்லவர் என உணர்ந்தும், அருகழைத்து ஒரு சொல்லும் மொழிந்திலர். பிறிதோர் ஆசிரியனிடம் பயிலும் இளைஞனை இடையே பிரித்தல் முறையன்றெனக் கருதினார் போலும். வரதரை வேண்டிக்கொண்டு திருவரங்கம் மீண்டார். பின்னர் அவர் அழைப்பின்பேரில் இராமாநுசர் சென்றடைந்தபோது ஆளவந்தார் திருமேனியையே காண நேர்ந்தது. உயிரோடு இருவரும் ஒருநாளும் உரையாடினாரில்லை. இளைஞன் உள்ளத்தைக் கட்டாயப்படுத்தாது வேண்டுதலோடு காத்திருந்த அப்பெருமையே இவ்வரலாற்றின் உட்பொருளாம்.

மனையினின்று விலகிய விதம்

இராமாநுசர் இறுதியில் இல்லறம் துறந்த வரலாறு துன்பந் தருவது. அவர் மனைவியார் தஞ்சமாம்பாள். திருக்கச்சி நம்பிகளை இராமாநுசர் விருந்துக்கு அழைத்தபோது, அவர் உண்ட இடத்தையும் கலத்தையும் அம்மையார் குலமுறை கருதித் தூய்மை செய்தது ஒரு பிணக்காயிற்று. பின்னர்த் தமக்கு மதுராந்தகத்தில் தீக்கை செய்த பெரிய நம்பிகள் தம் மனைவியாரோடு வந்து அவர் இல்லத்திற் சில திங்கள் தங்கியிருந்தபோது, கிணற்றடியில் பெண்டிர் இருவர்க்கும் குடநீர் பற்றி நேர்ந்த சொற்போரால் நம்பிகள் ஒன்றும் சொல்லாது வெளியேறினார். இதனால் மனம் உடைந்த இராமாநுசர், மாமனார் வீட்டினின்று வந்ததுபோல ஓர் ஓலை எழுதுவித்து, மனைவியாரைப் பிறந்தகத்திற்கு அனுப்பிவிட்டு, வரதர் திருமுன் துறவு பூண்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

குலச்செருக்குத் தீதென்பதில் ஐயமில்லை. அதனைப் பொறாத இராமாநுசர் உள்ளம் உயர்ந்ததே. ஆயினும் பொய்யோலை ஒன்றால் மனையாளை அகற்றினார் என்னும் பகுதியைப் போற்றுதல் இயலுமோ? தன் ஊர்வழக்கம் கற்பித்தபடி நடந்த ஓர் இளம்பெண், ஓலையை மெய்யென நம்பிப் பிறந்தகம் சென்று, பின்பு செய்தி கேட்டு என்ன எண்ணியிருப்பாள்? அதன்பின் அவ்வம்மையார் கதையினின்றே மறைந்துபோகின்றார். இதனைக் கூறுதல் பிறசமயக் குற்றங் காண்டற்கன்று. நம் பெரியபுராணத்தும் பரமதத்தன் தன் கருத்தை மறைத்துக் கலமேறிச் சென்று, காரைக்காலம்மையாரைத் தனியே விடுத்தான். அம்மையார் பேயுருவேற்றுத் தம் சொல்லால் உலகை வென்றார். தஞ்சமாம்பாள் சொல் நமக்குக் கிட்டவில்லை. வீடு துறப்பார் தாம் நாடும் பொருளின் உயர்வால் தாம் விட்டுச் செல்வார்க்குச் செய்யவேண்டிய முறையினின்று நீங்கிவிடுவதில்லை. மூன்றாவதாக நோக்கற்பாலது இதுவே.

மீண்ட கோவிந்தர்

திருக்காளத்தியிற் கோவிந்தர் நெடுநாள் இருக்கவில்லை. அவர்தம் மாமனாகிய பெரிய திருமலை நம்பிகள், இராமாநுசர் வேண்டுகோளால், தம் மாணாக்கரோடு காளத்திக்குச் சென்றார். கோவிந்தர் நாடோறும் மலர் பறிக்கும் இடத்தருகே அமர்ந்து திருவாய்மொழிப் பொருளை மாணாக்கர்க்கு விரித்துரைத்தார். கோவிந்தரை வைதாரில்லை, வலிந்து இழுத்தாரில்லை. மரத்தின்மேல் நின்று கேட்ட கோவிந்தர் ஒருநாள் பூக்குடலையை எறிந்துவிட்டு இறங்கி வந்து மாமன் அடியில் வீழ்ந்தார் என்பது வைணவர் கூற்று. பின்னாளில் எம்பார் என்னும் பெயருடன் இராமாநுசர்க்கு அணுக்கராயினார். அவரும் இறுதியில் இல்லறம் துறந்தவரே. ஆயின் தாயின் சொல்லாலும் தமையனாரின் ஆணையாலும் மனைவியாரோடு இருந்து, இரவெல்லாம் இறைவன் பெருமையையே பேசி, எங்கும் அவனே தோன்றுதலால் தமக்கு வேறுநிலை இல்லை என்று வெளிப்பட உரைத்து, அதன் பின்னரே துறவு பெற்றார். ஓலையும் சூழ்ச்சியும் அங்கு இல்லை.

சிவநெறியிற் புகுந்த ஒருவர் அதனைவிட்டு நீங்கிய இச்செய்தி சைவ அன்பர்க்கு உவப்பாயிராது. ஆனால் நம் நாவரசர் பெருமான் வரலாற்றை ஒருகணம் நினைமின். மருணீக்கியார் நிலையாமையை எண்ணி நொந்து, மெய்ந்நெறி யாதென்று தேடிச் சமணஞ் சார்ந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் எனப் பெயர் பெற்றார். அவர் தமக்கையார் திலகவதியார் தம்பியைத் தொடர்ந்து சென்று பழித்தாரோ? இல்லை. திருவதிகை சென்று, வீரட்டானத்து இறைவன் திருமுன் அலகிட்டும் மெழுகியும் மலர்மாலை சாத்தியும், தம்பியை ஆண்டருள வேண்டுமென வேண்டிக் காத்திருந்தார். சூலைநோயுற்று இரவில் வந்த தம்பிக்குத் திருவாளன் திருநீற்றை அஞ்செழுத்தோதி அளித்தார். நாவரசர் மீண்டதில் நாம் மகிழ்வோமாயின், கோவிந்தர் மீண்டதில் வைணவர் மகிழும் மகிழ்ச்சியின் இயல்பை நாம் அறியாதிருத்தல் கூடாது. ஆளவந்தாரும் திருமலை நம்பிகளும் திலகவதியாரும் சமயத்தால் வேறுபட்டாரேனும், அன்பால் அழைத்து வேண்டுதலோடு காத்திருந்தமையில் ஒன்றுபட்டனர்.

முடிபு

திருப்புட்குழியில் ஒரே ஆசிரியரிடம் ஓதிய இருவர் வெவ்வேறு வாயில்களால் வெளியேறினர். மூத்தவர் ஆசிரியரை முன்னும் மனையைப் பின்னும் துறந்தார். இளையவர் மனையை முன்னே துறந்து பின்னர் மீண்டார். ஆசிரியரோ எல்லார்க்கும் பிற்பட்டுத் தம் முதுமையில் வெளியேறினார். அமைதியின்மை இளமைக்கே உரியதன்று என்பதும், அது வரும் பருவத்தை நாம் வரையறுத்தல் இயலாதென்பதும் இதனால் விளங்கும்.

ஆதலின், மகனோ மகளோ உள்ளம் அமைதியற்று வீட்டைவிட்டு நீங்கக் கருதுவதைக் காணும் பெற்றோர், முதற்கண் அஞ்சி அடக்கவும் வேண்டா. வியந்து வழியனுப்பவும் வேண்டா. அவர் அழுவது தமக்காகவோ, தாம் அன்பு செய்யும் பொருளுக்காகவோ என்று பார்க்க. அவர் கையில் ஏதேனும் ஒரு குடமோ குடலையோ ஏறியிருக்கின்றதா என்று பார்க்க. இல்லையெனின், ஒரு தொண்டைக் காட்டி, இல்லத்திலிருந்தே அதனைச் செய்விக்க. சாலைக்கிணற்றுக்கும் கோயிலுக்குமாக நடந்த அந்த நடை, வேட்கை மெய்யாயின் அதனை முதிர்விக்கும். பொய்யாயின் தானே அடங்கச் செய்யும்.

அகலக் கருதும் இளைஞர்க்கும் ஒரு சொல். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் முதலதாகிய சரியைக்கு வீட்டைவிட்டு நீங்க வேண்டுவதில்லை. அங்குத் தொடங்குக. இறைவன் அழைப்பு மேலும் ஈர்க்குமாயின், கண்ணப்பர்போல் நின்றவிடத்தே நிற்க. ஆனால் மறைந்து செல்லற்க, பொய்யோலை எழுதற்க. வருந்துவார் முகத்தை நேரே நோக்கி உரைக்கும் ஆற்றல் இல்லாத துறவு இன்னும் கனியாத துறவே.

அவ்வாறு உரைத்துச் சென்றபின் வாயிற்கதவை அடைத்தல் எஞ்சினோர் கடனன்று. திலகவதியார் திருவதிகையில் திருவலகு ஏந்திக் காத்திருந்தமையாலன்றோ, நள்ளிரவில் மீண்ட தம்பிக்குப் புக ஒரு திருமடமும் பூசத் திருநீறும் இருந்தன. அத்தகைய பொறுமையை நம் இல்லங்கட்குக் காளத்தியப்பர் திருவருள் நல்குவதாக.

சிவம்.